பேராயரின் மெத்தையும் பார்சிலோனாவின் துறைமுகமும்

எனக்கு ஐந்து வயதில் தொடங்கிய மூச்சிரைப்பு பதினாறு வயது வரை விடாமல் உடன் வந்தது. இரவில் இழுப்புக் கண்டால் மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடைபெறும். விசாரிப்பவர் அப்பாயி, விசாரிக்கப்படுபவர் அம்மா. தயிர் ஊற்றினாயா, தலைக்கு ஊற்றினாயா, பனியில் விட்டாயா என்று கேள்விகள் வரும். கொய்யா, திராட்சை, வாழைப்பழம் என்று குற்றப்பட்டியல் நீளும். அம்மா எதற்கும் மறுமொழி கூறியதாக நினைவில்லை. விசாரணை முடிந்ததும் சாம்பிராணி போடுவார்கள். அந்தப் புகை அக்கறையோடு என் பக்கமாக விசிறி விடப்படும்.

எங்கள் தெருக்கோடியில் நெல் அவித்து அரைக்கும் ஆலை ஒன்று இருந்தது. காற்றுத் திரும்பும் நாட்களில் கொடியில் காயும் வேட்டிகளின்மேல் உமிக்கரி பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். அம்மா அதை உதறிவிட்டு மடிப்பார். அந்த ஆலையை யாரும் ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஆலைதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதை நிறுவவும் இயலாது. எனினும் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை என்பது, பிற்காலத்தில் இந்நோயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது என்னை உறுத்தியது. மூச்சிரைப்பைத் தூண்டுவது எது என்று மனிதர்கள் தேடிய வரலாறு, பெரிதும் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. தமிழ் வாத்தியாருக்கு அந்தப் பழக்கம் விடாது. ஆஸ்துமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு வாங்குதல் என்பதே பொருள். ஹோமரின் இலியத்தில் அடிபட்டு வீழ்ந்த ஹெக்டர் மூச்சுத் திணறுவதைக் குறிக்க இச்சொல் வருகிறது. அங்கே அது நோய்ப்பெயர் அன்று. நம் மொழியிலோ ஈளை, இரைப்பு, இளைப்பு, இழுப்பு என்று பல சொற்கள். ஈளை என்பது கோழையைக் குறிக்கிறது. இரைப்பு, ஓசையைக் குறிக்கிறது. இழுப்பு, மார்புக்கூட்டின் பாட்டைக் குறிக்கிறது. இளைப்பு, பின்னர் வரும் சோர்வைக் குறிக்கிறது. இந்நான்கையும் அனுபவித்தவன் என்ற முறையில், ஒரு சொல்லும் வீண் இல்லை என்று சான்றளிக்கிறேன். ஆனால் இவற்றுள் எதுவும் காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தைப் பெயரில் வைக்கும் அளவுக்கு எவருக்கும் உறுதி இருக்கவில்லை போலும்.

இனி வரலாறு.

1552ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டனுக்குப் பத்தாண்டுகளாக மூச்சிரைப்பு. அரசப் பிரதிநிதியாக இருந்த ஆரன் பிரபுவின் தந்தைவழிச் சகோதரர் அவர். நாட்டின் பெரும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. மூச்சு மட்டும் அவர் சொல் கேட்கவில்லை. இத்தாலியிலிருந்து மருத்துவர் ஒருவரை வரவழைத்தார். அவர்தாம் கிரோலாமோ கார்டானோ. முப்படிச் சமன்பாடுகளின் தீர்வை 1545இல் நூலாக வெளியிட்டவர் என்று கணக்கு மாணவர்கள் அறிவார்கள். சோதிடர், தீராத சூதாடி, தன் வரலாற்றை ஒளிவுமறைவின்றி எழுதியவர் என்று மற்றவர்கள் அறிவார்கள். பாரிசில் சந்திப்பதாக ஏற்பாடு. நாட்டின் குழப்பத்தால் பேராயர் கிளம்ப முடியவில்லை. கார்டானோ எடின்பரோவுக்கே போய்ச் சேர்ந்தார்.

போனவர் உடனே மருந்து கொடுக்கவில்லை. வாரக்கணக்கில் பேராயரின் அருகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன உண்கிறார், எப்போது உறங்குகிறார், எங்கே படுக்கிறார், எவ்வளவு உழைக்கிறார் என்று கவனித்தார். பிறகு ஒரு நீண்ட ஒழுங்குமுறையை எழுதிக் கொடுத்தார். அதில் உணவுண்டு, உறக்கம் உண்டு, தலைக்குக் குளிர்நீர் உண்டு. இன்று நமக்குச் சிரிப்பூட்டும் பத்தியங்களும் உண்டு. வரலாற்றில் நின்றது ஒன்றுதான்: பறவையிறகு அடைத்த மெத்தையையும் தலையணையையும் அகற்றிவிட்டு, நூற்காத பட்டில் மெத்தை செய்து படுக்கச் சொன்னார். பேராயர் தேறினார்.

இவ்விடத்தில் நம் கல்லூரிப் பேச்சாளர்கள் கைதட்டலுக்காக நிறுத்துவார்கள். அவசரம் வேண்டா. கார்டானோவுக்கு ஒவ்வாமை என்ற கருத்தே தெரியாது. இறகு உடம்பைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு மூளையின் நீரை இளக்கி நுரையீரலுக்கு இறக்குகிறது என்பதே அவர் கணக்கு. காரணம் தவறு, கட்டளை பலித்தது. இன்னும் ஒரு திருப்பமும் உண்டு. இறகுத் தலையணையைக் காட்டிலும் செயற்கை இழைத் தலையணையில்தான் தூசு உண்ணிகள் மிகுதியாகச் சேர்கின்றன என்று 1990களில் சில ஆய்வுகள் காட்டின. இறகு வெளியே வராதிருக்க நெருக்கமாக நெய்த உறை போடுகிறார்கள். அந்த உறையே உண்ணியையும் தடுத்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். ஆகவே குற்றவாளி இறகுதானா என்பதில் கார்டானோவின் புகழ்பெற்ற வழக்கே இன்னும் முழுதாய் முடிந்தபாடில்லை. பேராயரைப் பொறுத்தவரை அவருக்கு மூச்சு திரும்பியது. 1571இல் அரசியல் கொலைகளில் பங்குண்டு என்ற குற்றச்சாட்டில் ஸ்டெர்லிங்கில் தூக்கிலிடப்படும் வரை இருந்தார்.

கார்டானோவுக்கு ஏறத்தாழ முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் இருந்த மைமோனிடெஸ், இந்நோய்க்கென்று தனி நூல் எழுதினார். உயர்குடி நோயாளி ஒருவருக்காக எழுதப்பட்ட அந்நூலில், நோய் சாதாரண நீர்க்கோவையில் தொடங்குகிறது என்றும் மழைக்காலத்தில் முற்றுகிறது என்றும் தெளிவாகக் குறித்திருக்கிறார். இன்றைய மருத்துவமும் சளிக்காய்ச்சல் நச்சுயிர்களையே, குறிப்பாகக் குழந்தைகளிடம், தாக்குதலின் தலையாய தூண்டுதலாகக் கொள்கிறது. அவர் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. நகரத்தின் காற்று, உயர்ந்த கட்டடங்களாலும் குறுகிய தெருக்களாலும் கழிவுகளாலும் தேங்கிக் கெட்டிருக்கிறது. இயன்றவர் ஊர்ப்புறத்தில் வாழ்வது நலம் என்றார். இயலாதவர் என்ன செய்வது என்ற கேள்வி, இளவரசர்களுக்கு எழுதும் நூலில் வராது.

அக்கேள்வி 1700இல் வந்தது. இத்தாலியின் மோடெனா நகரத்தில் பெர்னார்டினோ ரமாசினி என்ற பேராசிரியர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவன் நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். தானியம் புடைப்பவர்களும் அளப்பவர்களும் மாவு சலிக்கும் ரொட்டிக் கடைக்காரர்களும் தூசு மண்டி மூச்சு முட்டுவதை அவர் நேரில் கண்டு எழுதினார். முகத்தில் துணி கட்டுதல், திறந்த வெளியில் வேலை செய்தல், அடிக்கடி வாய் கொப்பளித்தல் போன்றவற்றைப் பரிந்துரைத்தார். மாவுத்தூசினால் ரொட்டித் தொழிலாளிக்கு வரும் மூச்சிரைப்பு இன்றளவும் தொழில்நோய்ப் பட்டியல்களில் முன்வரிசையில் இருக்கிறது.

ரமாசினியின் தூசுக்கு ஒரு பின்கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பாரிசில் புகழ்பெற்ற மருத்துவர் அர்மான் ட்ரூசோ. அவரே மூச்சிரைப்பு நோயாளி. தம் வண்டியோட்டி குதிரைக்கு வைக்கும் ஓட்சில் கை வைக்கிறான் என்று ஐயம். ஒருநாள் தானியப் பரணில் ஏறி, தம் கண்முன்னே அளக்கச் சொன்னார். அளக்கும்போது எழுந்த தூசில், வாழ்நாளிலேயே கொடிய தாக்குதல் அவரைப் பிடித்துக்கொண்டது. பாரிஸ் வீதிகளில் இதனினும் நூறு மடங்கு தூசை உண்டிருக்கிறேனே, அப்போது ஏன் வரவில்லை என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். திருட்டைப் பற்றிய மனக்கொதிப்பு நரம்புகளை நிலைகுலையச் செய்திருந்தது, அந்நிலையில் சிறிது தூசும் போதுமானதாயிற்று என்று விடை கண்டார். வீதித் தூசு வேறு, தானியத் தூசு வேறு என்ற விடை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. மாணவர்களுக்கு முன்னால் தம் நோயையே பாடமாக விரித்த அந்தப் பெருந்தகைமையை மதிக்கிறேன். ஆனாலும் தானியத்தை விட்டுவிட்டு மனத்தைப் பிடித்தது ஒரு விபரீதத்தின் தொடக்கம்.

அதற்கு நடுவே ஒரு புகைக்கதை. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் கள்ளிப்பூச்சி வளர்க்கத் தோட்டம் போட்டவர். கதீட்ரல் சாலைத் தேவாலயத்தில் அவருக்குச் சிலை உண்டு. ஊமத்தையை உலர்த்திக் குழாயில் வைத்துப் புகைத்தால் இரைப்பு தணியும் என்பதை இங்கே கண்டு, ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவருக்குச் சொன்னார். அவர் வழியாக அச்செய்தி 1802இல் இங்கிலாந்து சேர்ந்தது. பிறகு அந்த நூற்றாண்டு முழுவதும், அதற்கப்பாலும், ஐரோப்பாவின் மருந்துக்கடைகளில் ஊமத்தைச் சுருட்டுகள் விற்றன. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட், பாரிசில் தக்கை பதித்த சுவர்களுக்குள் சன்னலை அடைத்துக்கொண்டு மருந்துப் பொடிகளைக் கொளுத்திப் புகை பிடித்துக்கொண்டே எழுதினார்.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைச் சத்து மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது மெய். இன்று உறிஞ்சுகருவியில் வரும் இப்ராட்ரோபியம் அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. ஆனால் ஊமத்தை நஞ்சு. அளவு தவறினால் அறிவைக் குலைக்கும், உயிரையும் கொல்லும். அதோடு, எந்தப் புகையும் இரைப்பு நோயாளியின் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவது. மருந்தும் தூண்டுபொருளும் ஒரே குழாயில் வந்தன. அப்பாயி விசிறிய சாம்பிராணியை நினைத்துக்கொள்கிறேன். ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, பட்டாசு, பக்கத்தில் இருப்பவரின் பீடி எல்லாம் இந்த வரிசையில் அடங்கும். நறுமணம் உடையது, பூசைக்குரியது என்பவை மூச்சுக்குழாய்க்குத் தெரியாது.

இனி அந்த விபரீதம். 1886இல் பால்டிமோரில் ஜான் மெக்கென்சி என்ற மருத்துவர், ரோசாப்பூவால் தாக்குண்டதாகச் சொன்ன ஒரு பெண்ணின்முன் காகித ரோசாவை நீட்டினார். அவருக்குத் தாக்குதல் வந்துவிட்டது. இது மருத்துவ இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்றது. 1941இல் சிகாகோ உளப்பகுப்பாய்வாளர்கள் பிரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் பிரெஞ்சும், மூச்சிரைப்பின் ஓசை தாயை நோக்கிய அடக்கப்பட்ட அழுகை என்று எழுதினார்கள். இழுப்பு வந்த குழந்தையின் தாய் ஒன்று அளவுக்கு மீறி அணைப்பவள், அல்லது உள்ளூர வெறுப்பவள் என்றாயிற்று. அமெரிக்காவில் கொலராடோவின் டென்வர் நகருக்குக் கடும்நோயாளிக் குழந்தைகளை அனுப்பி, பெற்றோரிடமிருந்து பிரித்து ஓராண்டு, ஈராண்டு என வைத்திருந்தார்கள். பலருக்கு நோய் குறைந்தது. மறே பெஷ்கின் என்ற மருத்துவர் இதற்குப் பெயரே சூட்டினார்: அறுவை மருத்துவர் குடல்வாலை அகற்றுவதுபோல், பெற்றோரை அகற்றுதல்.

டென்வர் ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உலர்ந்த காற்று. அவ்வுலர்ச்சியில் ஓர் உயிரினம் செழிக்காது என்பதை அன்று யாரும் எண்ணவில்லை.

அந்த உயிரினத்தை அடையாளம் கண்டவர்கள் நெதர்லாந்தின் லைடன் நகரத்தார். ஈரம் மிகுந்த அந்நாட்டில் வீட்டுத்தூசும் இரைப்பும் உறவுடையவை என்று 1920களிலேயே ஸ்டோர்ம் வான் லேவன் அங்கு ஆராய்ந்தார். தூசு வடித்த காற்று நிரம்பிய அறைகளைக் கட்டி நோயாளிகளை அதில் படுக்க வைத்தார். 1964இல் ஃபோர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மா இணையரும், தூசில் உள்ள ஒவ்வாப்பொருளை உண்டாக்குவது ஒருவகை உண்ணியாக இருக்குமோ என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிள்களே உணவு. வாய் வழியே நீர் அருந்தாது; காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சியே வாழும். எனவே ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்தால் நாளடைவில் மாளும். மெத்தை, தலையணை, கம்பளி, குழந்தை கட்டிக்கொண்டு உறங்கும் பஞ்சுப் பொம்மை ஆகியவை அதன் ஊர்கள். அதன் எச்சத் துகள்களே முதன்மையான ஒவ்வாப்பொருளைச் சுமக்கின்றன என்பது 1981இல் தெரிந்தது. டென்வர்க் குழந்தைகள் தாயைப் பிரிந்ததோடு, தம் ஈரமான வீட்டு மெத்தையையும் பிரிந்திருந்தார்கள்.

மனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அழுகை, பெருஞ்சிரிப்பு, அச்சம் ஆகியன மூச்சின் வேகத்தை மாற்றித் தாக்குதலைத் தூண்டுவது உண்மை. 1969இல் டென்வர் ஆய்வாளர்கள், குழந்தையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குடும்பத்தை இரண்டு வாரம் வெளியே அனுப்பிப் பார்த்தார்கள்; ஒருசாராருக்கு நோய் தணிந்தது. ஆனால் தூண்டுதல் வேறு, நோய் வேறு. மூச்சுக்குழாயின் உட்சுவர் நாட்பட அழன்று வீங்கியிருப்பதே நோய். அதன்மேல் தூசோ, சளிக்காய்ச்சலோ, குளிர்காற்றோ, ஓட்டமோ, சிலருக்கு ஆஸ்பிரின் மாத்திரையோ பட்டவுடன் குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது; சளி அடைக்கிறது. வைக்கோற்போர் உலர்ந்து கிடந்தால்தான் பொறி பற்றும். தாயைப் பொறி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். போரே அவள்தான் என்றார்கள்.

உண்ணியைக் கண்டுபிடித்ததும் தீர்வும் கிட்டிவிட்டது என்று எல்லாரும் நம்பினோம். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் அறுபது பாகைச் சுடுநீரில் துவை, மெத்தைக்கு நுண்துளை உறை போடு, கம்பளம் அகற்று, சன்னல் திற. இவை நல்ல பழக்கங்கள், நானும் செய்கிறேன். ஆயினும் 2003இல் பிரிட்டனில் 1122 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், உறை மட்டும் போட்டதால் பயன் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 ஏழைக் குழந்தைகளின் வீடுகளில் வேறு விதமாகச் செய்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒவ்வாது என்று சோதித்து, உண்ணி, கரப்பான், எலி, புகை, பூஞ்சை ஆகிய அனைத்தையும் சேர்த்து ஓராண்டு முழுவதும் குறைத்தார்கள். அங்கே நோய்நாட்கள் குறைந்தன. ஒன்றைப் பிடித்து அடித்தால் பயனில்லை. தனக்கு எது என்று அறிந்து எல்லாப் பக்கமும் அடைக்க வேண்டும். பூனையின் செய்தி இன்னும் கடினம். பூனை வெளியேறிய பிறகும் அதன் ஒவ்வாப்பொருள் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். இவற்றோடு, அழற்சியைத் தணிக்கும் உறிஞ்சு மருந்தை ஒழுங்காக எடுக்காமல் துடைப்பத்தை மட்டும் நம்பினால் போர் உலர்ந்தே கிடக்கும்.

கவனித்தால், இவ்வளவும் வீட்டுக்குள் நடக்கிற வேலை. துவைப்பவர், உதறுபவர், துடைப்பவர் யார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. வீட்டைத் தாண்டிய வழக்குக்குப் பார்சிலோனா போக வேண்டும்.

1981 முதல் 1987 வரை அந்நகரத்தில் 26 தடவை விசித்திரமான நாட்கள் வந்தன. சில மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறலோடு கூட்டம் கூட்டமாக மக்கள் மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு ஓடிவந்தார்கள். செயற்கைச் சுவாசம் வேண்டியிருந்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. மறுநாள் நகரம் பழையபடி இருக்கும். வாகனப்புகையை ஐயுற்றார்கள், தொழிற்சாலை வாயுக்களை ஐயுற்றார்கள், அளவுகள் பொருந்தவில்லை. அந்த நாட்களில் ஒரு தாய் தன் குழந்தைக்குக் கொடுத்த பழத்தை எண்ணி எத்தனை இரவு உறங்காமல் இருந்திருப்பாள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஹோசப் மரியா அந்தோ, ஹோர்தி சுன்யேர் முதலிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் இருப்பிடங்களை வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டித் திரண்டன. பிறகு அவர்கள் துறைமுகப் பதிவேடுகளை எடுத்தார்கள். எந்த நாளில் எந்தக் கப்பல் எந்தச் சரக்கை இறக்கியது? 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பதின்மூன்று தாக்குதல் நாட்கள். பதின்மூன்றிலும் சோயா இறங்கியிருந்தது. சோயா இறங்கிய எல்லா நாளும் தாக்குதல் வந்ததா என்றால் இல்லை. மென்காற்று தெற்கிலிருந்து நகரை நோக்கி வீசி, வானிலையும் அசையாது கனத்திருந்த நாட்களில் மட்டுமே வந்தது. காற்றில் பிடித்த துகள்களில் சோயாவின் மாவணுக்களும் தோலணுக்களும் இருந்தன. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரின் குருதியில் சோயாவுக்கெதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அந்நாட்களில் பாதிக்கப்படாத பிற இரைப்பு நோயாளிகளில் இருபதில் ஒருவருக்கே அது இருந்தது.

துறைமுகத்தில் தானியத்தைக் கொட்டிவைக்கும் கோபுரக் குதிர்கள் இருந்தன. தானியம் விழும்போது எழும் தூசைப் பிடிக்க உச்சியில் வடிகட்டிப் பைகள் பொருத்துவது முறை. ஒரு குதிரில் அவை இல்லை.

அவ்வளவே. வடிகட்டிகள் பொருத்தப்பட்டன, அந்தக் கொள்ளைநாட்கள் ஓய்ந்தன. ட்ரூசோவின் பரணில் எழுந்த அதே தானியத்தூசு. ரமாசினி முகத்துணி கட்டச் சொன்ன அதே தூசு. பார்சிலோனா மக்கள் ஒவ்வொருவரும் முகத்துணி கட்டியிருந்தாலும், எல்லா மெத்தைக்கும் பட்டு உறை போட்டிருந்தாலும், ஒரு கோபுரத்தின் உச்சியில் தைத்து மாட்டவேண்டிய பைகளுக்கு அது ஈடாகியிராது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் 1950, 60களில் இத்தகைய கொள்ளைநாட்கள் இருந்தன. பிற்காலத்தில் பழைய கப்பல் கணக்குகளோடு ஒப்பிட்டபோது அங்கும் சோயாவின் தடம் தென்பட்டது. அங்கே அந்தக் கேள்வியைக் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

யப்பானின் யொக்கைச்சியில் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. பெட்ரோலிய ஆலைகளின் கந்தகப்புகையால் மூச்சிரைப்புற்ற ஒன்பது பேர் 1967இல் ஆறு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1972 சூலையில் வென்றார்கள். மெல்பேர்னிலோ குற்றவாளி வானத்திலிருந்து வந்தது. 2016 நவம்பர் 21 மாலை, புல்லின் மகரந்தம் நிறைந்த காற்றில் ஓர் இடிப்புயல் புகுந்தது. மகரந்தமணிகள் ஈரத்தில் வெடித்து நுண்துகள்களாகி நுரையீரலின் ஆழம் வரை சென்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளை நாடினர். பத்துப் பேர் இறந்தனர். வந்தவர்களில் பலருக்கு அதுவரை மூச்சிரைப்பு என்றே தெரியாது. வசந்தகாலத் தும்மல் மட்டும் இருந்தது. அங்கு வழக்குத் தொடுக்க ஆளில்லை. முன்னறிவிப்பு ஏற்பாடு ஒன்றை அரசு உண்டாக்கியது; மகரந்தம் மிகுந்த புயல்நாளில் சன்னலை அடைத்து உள்ளே இரு, தும்மல் நோயாளியும் மருந்தை அருகில் வை என்று இப்போது சொல்கிறார்கள்.

கடைசியாக ஒரு சிறுமி. இலண்டனின் தென்கிழக்கே, வாகனங்கள் ஓயாத தெற்கு வட்டச்சாலையின் ஓரத்தில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா 2013 பெப்ரவரியில் இறந்தாள். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் ஏறத்தாழ முப்பது முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவள். 2014இல் நடந்த முதல் மரண விசாரணை மூச்சுச் செயலிழப்பு என்று முடித்தது. தாய் ரோசமண்ட் விடவில்லை. காற்றின் அளவீடுகளைச் சேர்த்தார், வல்லுநர்களைத் தேடினார், பழைய தீர்ப்பைத் தள்ளச் செய்தார். இரண்டாம் விசாரணை 2020 திசம்பரில் முடிந்தது. அப்பெண்ணின் மரணத்துக்குரிய காரணங்களில் மாசுற்ற காற்றும் ஒன்று என்று அதில் பதிவாயிற்று; பிரிட்டனில் ஒரு மரணத்தின் காரணமாக அவ்வாறு எழுதப்பட்டது அதுவே முதல்முறை. இன்னொன்றும் பதிவாயிற்று. காற்றுமாசு நோயை மிகுவிக்கும் என்ற செய்தி தாய்க்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் அவர் நடவடிக்கை எடுத்திருப்பார். அது அம்மரணத்தைத் தடுத்திருக்கவும் கூடும்.

இதை எழுதுவதற்கு முன் அம்மாவுக்கு இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொன்னேன். பேராயர், வண்டியோட்டி, சோயாக் கப்பல் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இலண்டன் பகுதி முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

ஒன்பது என்றேன்.